பொன்னெழுத்தில் ஒரு பெயர்

அத்தியாயம் 17

விமானப் பராமரிப்பு இன்ஜினியர் ஆவதற்கான எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் சோனியா தேறிவிட்டாள் என்ற செய்தி, போன வாரமே ஒக்கலிபுரத்துச் சந்தைத் தாண்டி சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தது. கொண்டுபோனவர் அவள் அப்பா பச்சைமுத்து. ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். சென்னைக்குப் போகிற ரோஜாக் கூடையோ, ஹூப்ளிக்குப் போகிற சைக்கிளோ, எதை வண்டியில் ஏற்றினாலும் கூடவே ஒரு வார்த்தையும் ஏற்றி அனுப்பினார்.

"நம்ம பொண்ணு ஏரோப்ளேன் இன்ஜினியர்."

"இன்னும் இல்ல நைனா," என்று சோனியா தடுத்துக்கொண்டே இருந்தாள். "வாய்மொழித் தேர்வு பாக்கி. கேள்வி கேப்பாங்க, ஒரு வேலையும் செஞ்சு காட்டச் சொல்வாங்க. அதுல தேறினாத்தான் லைசென்ஸ்."

"லைசென்ஸ் வந்தா இன்னா பண்ணுவே?"

"விமானத்தைப் பாத்துட்டு, பறக்கலாம்னு கையெழுத்து போடுவேன். அது இல்லாம பைலட் வண்டியை எடுக்க மாட்டார்."

பச்சைமுத்து தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சம்பள நாளைத் தவிர வேறெந்த நாளிலும் அவருடைய கையெழுத்தை யாரும் கேட்டதில்லை.

அந்தத் தேர்வு நாள் ஒரு வியாழக்கிழமையாக விடிந்தது. ஆகஸ்ட் மாதத் தூறல். சந்தில் தேங்கிய தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட மிதிக்காமல் தாண்டிவிட்டால் தேறிவிடலாம் என்று சோனியாவுக்குத் தோன்றியது. தாண்டினாள். பிறகு, இருபத்து மூன்று வயதில் இது என்ன விளையாட்டு என்று வெட்கப்பட்டாள்.

"சாப்புட்டுப் போடி. காலி வயித்துல போனா தலை சுத்தும்."

அம்மா யசோதா புத்தர் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, அதே கையால் இட்லித் தட்டை நீட்டினாள். பக்கத்து பாபாசாகேப் படத்தின் கண்ணாடி அன்று விசேஷமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

"கேக்குற கேள்விக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. ஏதாச்சும் சொல்லு. உனக்குத்தான் புக்கு முழுக்க மனப்பாடமாச்சே."

அது உண்மைதான். அந்த வீட்டின் மாலை நேரப் பொழுதுபோக்கே அதுதான். பச்சைமுத்து புத்தகத்தைத் திறந்து, தன்னால் படிக்க முடியாத இங்கிலீஷ் வரி ஒன்றின் மேல் விரலை வைத்து, பக்கத்தின் எண்ணை மட்டும் சொல்வார். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று சோனியா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். வாசலில் கூடியிருப்பவர்களில் யாராவது ஒரு கல்லூரிப் பையன் எட்டிப் பார்த்து, "கரெக்ட்டு" என்பான். பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி, இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தின் பராமரிப்புக் கையேடு அது. மூன்று வருடங்களுக்கு முன்னால், பயிற்சி தொடங்கியபோது, இன்ஸ்டிட்யூட்டில் எடுத்த ஜெராக்ஸ். முதலில் அது ரிங் ஃபைலில், துளையிட்ட தாள்களாகத்தான் இருந்தது. ஒருநாள் அண்ணன் ரவிக்குமாரின் ஆட்டோவில் போகும்போது ஆனந்தராவ் சர்க்கிளில் காற்றடித்து ஒரு தாள் பறந்தது. ரவிக்குமார் ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, லாரிகளுக்கிடையே அந்தத் தாளின் பின்னால் ஓடிப் பிடித்து வந்தான். மறுநாளே தாள்கள் அனைத்தையும் அவென்யூ ரோட்டுக்குக் கொண்டுபோய், கெட்டியாகத் தைத்து, சிவப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, மேலே பொன்னெழுத்தில் P. SONIA என்று பதித்துக் கொண்டுவந்தான்.

"இனிமே சூறாவளி அடிச்சாலும் ஒரு பக்கம் போவாது," என்றான்.

இன்று காலையும் அந்தப் புத்தகத்தை அவள் மடியில் வைத்த பிறகுதான் ஆட்டோவைக் கிளப்பினான்.

"உள்ள எடுத்துட்டுப் போ. டேபிள் மேல வை. பாத்தவுடனே ஆபீசருக்கு ஒரு இது வரணும்."

"அங்கேயே புக்கு இருக்கும்ணா."

"அதுல உன் பேர் இருக்குமா?"

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தேர்வு நடக்கும் இடம் விமான நிலையத்தின் பின்புறம், ஒரு தனியார் கம்பெனி விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கர். ரிச்மண்ட் ரோடு, டிரினிட்டி சர்க்கிள், தொம்லூர் என்று ஆட்டோ போனது. தொம்லூர் தாண்டியதும் தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. சக்கரங்கள் வெளியே நீண்டு, எங்கே காலை ஊன்றலாம் என்று தேடுவது போல. சோனியா தலையை வெளியே நீட்டி அது மறையும்வரை பார்த்தாள்.

"பெர்னதெத்துக்கு நாளைக்குத்தானே பரீட்சை?" என்றான் ரவிக்குமார், ரோட்டைப் பார்த்தபடி.

பெர்னதெத் அவளுடைய வகுப்புத் தோழி. விவேக் நகர்ப் பெண். இருவர் மட்டுமே அந்த வகுப்பில் பெண்கள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீதான் சொன்னே."

"நான் எப்ப சொன்னேன்?"

முன்னால் எந்த வண்டியும் இல்லாத ரோட்டில் ரவிக்குமார் ஹார்ன் அடித்தான்.

*

தேர்வாளர்கள் இருவர். அதிகம் பேசியவர் சேஷகிரி. காக்ஸ் டவுன் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். பேன்ட்டின் கீழ்ப்பகுதியெல்லாம் சேறு. அதைப் பற்றிய கவலையே இல்லாமல் உட்கார்ந்து, இங்கிலீஷில் கேள்விகளை அடுக்கினார். சட்டம், உலோகம், எரிபொருள், தீ. சோனியா நிறுத்தாமல் பதில் சொன்னாள். இன்னொரு அதிகாரி கன்னடத்தில் அவரிடம், "ஹுடுகி சென்னாகி ஓதிதாளே," என்று முணுமுணுத்தார். பெண் நன்றாகப் படித்திருக்கிறாள் என்பது அவளுக்கும் கேட்டது. காது சூடானது.

பிறகு ஹேங்கருக்குள் கூட்டிப்போனார்கள்.

மேசைமேல் ஒரு விமானச் சக்கரம், இரண்டு பாதிகளாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் போல்ட்டுகள், ஒரு சின்ன டப்பாவில் கிரீஸ் மாதிரி வழுவழுப்பான பசை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்.

"சேர்த்து மாட்டிக் காட்டுங்கம்மா," என்றார் சேஷகிரி, தமிழுக்கு மாறி.

சோனியாவின் உடம்பில் ஒரு நிம்மதி பரவியது. இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நைனா விரல் வைத்துக் கேட்ட பக்கங்களில் இதுவும் ஒன்று. இறுக்க வேண்டிய அளவு நூற்று ஐம்பது. ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி நூற்று ஐம்பதில் நிறுத்தினாள். முதல் போல்ட்டை எடுத்தாள்.

கை நின்றது.

பசை எதற்கு?

அவளுடைய புத்தகத்தில் இந்த வேலைக்குப் பசையே கிடையாது. உலர்ந்த போல்ட், வாஷர், நட்டு. அவ்வளவுதான். அந்தப் பக்கம் முழுதும் கண்முன் விரிந்தது. கடைசி வரிவரை ஓடிப் பார்த்தாள். பசை இல்லை. ஆனால் டப்பா இங்கே இருக்கிறது. பசை தடவினால் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதே நூற்று ஐம்பதுக்கு இழுத்தால் போல்ட் நீண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு, என்றைக்கோ ஒருநாள், ஆறு பேரோடு தரையைத் தொடும்போது...

ரெஞ்சைக் கீழே வைத்தாள்.

"என்னாச்சு?"

"எனக்கு மானுவல் வேணும் சார்."

"மனப்பாடமா சொன்னீங்களே எல்லாத்தையும்?"

"இது எனக்குத் தெரியாது சார்."

அம்மா சொல்லவே கூடாது என்ற வார்த்தை.

சேஷகிரி அலமாரியைக் காட்டினார். தடித்த ரிங் ஃபைல் ஒன்று. சோனியா திறந்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். தாள் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. கீழே தேதி, இந்த வருடம் மார்ச் மாதம். போல்ட்டின் திருகில் பசை தடவவும், தொண்ணூறுக்கு இறுக்கவும்.

"ரெஞ்ச் இப்போ எதுல இருக்கு?" என்று கேட்டார் சேஷகிரி.

ரெஞ்ச் அவள் கைக்கருகில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போதே ஒரு திருகு திருகினால் போதும்.

அப்படியே எடுத்து நீட்டினாள்.

"நூத்தி அம்பது சார். நான் வெச்சதுதான்."

"எங்கேர்ந்து வந்தது அந்த நம்பர்?"

"மனப்பாடம் சார்."

"மனப்பாடத்துக்கு எங்கேர்ந்து வந்தது?"

சோனியா பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ரவிக்குமார் சொன்ன இடத்தில்தான் வைத்தாள். அவன் நினைத்த காரணத்துக்காக அல்ல. சேஷகிரி அட்டையைத் தடவிப் பார்த்தார். தையலை வளைத்துப் பார்த்தார். முகத்தில் உண்மையான மதிப்பு.

"பிரமாதமான பைண்டிங். யார் செஞ்சது?"

ஜெராக்ஸ் கடைக்காரன் என்று சொல்லியிருக்கலாம்.

"எங்கண்ணன் செய்ய வெச்சுக் குடுத்தது சார். ஆட்டோ ஓட்டுறார். வெளியதான் நிக்கிறார்."

"இதுல ஒரு பக்கத்தை எடுத்துட்டு வேற பக்கம் வைக்கணும்னா?"

சோனியா புத்தகத்தைப் பார்த்தாள். விமானக் கையேடுகள் ஏன் எப்போதும் ரிங் ஃபைலில் இருக்கின்றன என்று எழுத்துத் தேர்வில் அரைப் பக்கம் எழுதியவள் அவள். கம்பெனி பக்கங்களைத் திருத்தி அனுப்பும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். எழுதி முடித்து வீட்டுக்குப் போய், தைத்த புத்தகத்தைத் திறந்து படித்திருந்தாள்.

"முடியாது சார்," என்றாள். "தெச்சாச்சு."

*

வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பேசினார்கள். தூறல் நின்றிருந்தது. ஓடுபாதையின் முனையில் ஒரு விமானம் திரும்பி நின்று, ஓடத் துணிவு சேர்ப்பது போல உறுமிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த நூற்று ஐம்பதோடு முதல் போல்ட்டை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தேர்வு போனால் இன்னொரு தேர்வு. விமானம் அப்படி அல்ல.

சேஷகிரியே வெளியே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"முறைப்படி டில்லியிலேர்ந்து தபால் வரும். அதுவரைக்கும் காத்துண்டிருக்கச் சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. தேறிட்டீங்க."

"சார்... நான் தப்பா வெச்சேனே..."

"வெச்சீங்க. இழுக்கலையே." கண்ணாடியைக் கழற்றி வேட்டியில்லாத குறைக்குச் சட்டை நுனியில் துடைத்தார். "ரெஞ்ச் எதுல இருக்குன்னு கேட்டப்பவும் நான் இதைத்தான் பண்ணிண்டிருந்தேன். கண்ணாடி இல்லேன்னா எனக்கு ரெஞ்சும் தெரியாது, நம்பரும் தெரியாது. நீங்க மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நாளைக்கு நான் ஏறப்போற விமானத்துக்கு யாரோ கையெழுத்துப் போடுவா. அது நீங்களா இருந்தா எனக்குச் சம்மதம்."

சோனியாவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. விமானம் கிளம்பிய சத்தத்தில் அவள் சொன்ன நன்றி யாருக்கும் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் சேஷகிரி. "அந்தப் புத்தகத்தை எனக்குத் தருவீங்களா? வர்ற பிள்ளைகளுக்குக் காட்டணும். எப்படி வெச்சுக்கக் கூடாதுன்னு, இதைவிட அழகா காட்ட முடியாது."

"அண்ணனைக் கேட்டுச் சொல்றேன் சார்."

*

கேட்டிலேயே ரவிக்குமார் அவள் முகத்தைப் படித்துவிட்டான். ஓடிப்போய் ஆட்டோவின் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், ஹார்ன் ஹொடீபேடப்பா!" என்று ஹார்னை நிறுத்தச் சொல்லி செக்யூரிட்டி கன்னடத்தில் கத்தினார்.

"நம் தங்கி பாஸ் ஆகிதாளே சார்! நம் தங்கி!"

செக்யூரிட்டி ஒரு நொடி யோசித்தார். "ஹாகாத்ரே இன்னொந்து சல ஹொடி," என்றார். அப்படியானால் இன்னொரு முறை அடி.

முருகேஷ்பாளையாவில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பார்சல் ஆபீசுக்குப் பேசினார்கள். கிளார்க் எடுத்து, பச்சைமுத்துவைக் கூப்பிட்டார். கூப்பிடும் குரல், வண்டிச் சத்தம், யாரோ ஓடும் சத்தம்.

"நைனா, தேறிட்டேன்."

மறுமுனையில் போன் மேசைமேல் வைக்கப்படும் டக் என்ற ஒலி. அதற்கப்புறம், தூரத்தில், ஒரு மனிதர் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்துவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. கைதட்டல் மட்டும் புரிந்தது. கிளார்க் போனை எடுத்து, "உங்க அப்பா போனை மறந்துட்டாரும்மா. பாம்பே போற பெட்டியை ஓரம் போட்டுட்டு எல்லாருக்கும் டீ சொல்றாரு," என்றார்.

பூத்துக்குப் பக்கத்திலேயே டீக்கடை. ரவிக்குமார் இரண்டு டீயும் வருக்கியும் வாங்கி வந்தான்.

"சரி, புக்கைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பெரியவர் கேட்டாரு, புக்கைத் தர முடியுமான்னு. மத்த பிள்ளைங்களுக்குக் காட்டணுமாம்."

ரவிக்குமார் கையிலிருந்த வருக்கி டீயில் விழுந்தது.

"சர்க்கார் ஆபீசரு! என் புக்கை! நான் சொல்லல? பாத்தவுடனே ஒரு இது வரும்னு சொன்னேனா இல்லியா? குடுத்துடு. நான் வேற போட்டுத் தரேன், இதைவிட ஷோக்கா."

அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று சோனியாவுக்குத் தோன்றியது. அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? புத்தகத்தைச் சேஷகிரியிடம் கொடுத்துவிட்டால் அண்ணன் ஆயுசு முழுக்க இந்தக் கதையைச் சவாரிகளுக்குச் சொல்லிச் சந்தோஷப்படுவான்.

ஆனால் வேறொன்று போட்டுத் தருகிறேன் என்கிறானே.

"அண்ணா. அவரு அதைக் கேட்டது, இப்பிடி வெச்சுக்கக் கூடாதுன்னு காட்டுறதுக்கு."

சொல்லத் தொடங்கியதும் முழுதாகச் சொன்னாள். பசையை, ரெஞ்சை, தொண்ணூறை. பக்கங்கள் மாறும், மாற வேண்டும், அதனால்தான் ரிங் என்பதை.

ரவிக்குமார் டீயைக் குடிக்கவில்லை. அதன்மேல் ஏடு படிந்தது.

"மூணு வருஷமா தப்பான புக்கையா படிச்சே?"

"எல்லாம் தப்பு இல்லண்ணா. மாறின பக்கம் மட்டும்."

"ஒரு பக்கம் போவக்கூடாதுன்னுதான் தெச்சேன்."

"தெரியும்."

"லாரிக்கு நடுவுல ஓடினேன்டி."

"தெரியும்ணா. அவர்கிட்டயும் உன் பேரைத்தான் சொன்னேன். மறைக்கல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான், இல்லாவிட்டால் கோபப்படுவான் என்று சோனியா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. அவன் முகம் மெல்ல வெளுத்தது.

"பெர்னதெத்துக்குக் காலைல எத்தினி மணிக்கு?"

"ஏன்?"

"நான் ரெண்டு புக்கு போட்டேன்," என்றான் ரவிக்குமார்.

*

விவேக் நகரில் வியாழக்கிழமைக் கூட்டம். குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ரோட்டை அடைத்திருந்தார்கள். மெழுகுவர்த்திக் கடைகளுக்கிடையே ஆட்டோ ஊர்ந்தது.

வழி முழுக்கச் சோனியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. எப்போது கொடுத்தான், எங்கே பார்த்தான், எத்தனை நாளாய் இது என்றெல்லாம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். நாளைக் காலை பெர்னதெத்தின் கையில் எந்த எண் இருக்கும் என்பதுதான் முதலில்.

"நீ ஆட்டோலயே இரு," என்றாள். "நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

ரவிக்குமார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தான்.

கதவைத் திறந்தவர் பெர்னதெத்தின் அப்பா மதலைமுத்து. கோயிலருகே மெழுகுவர்த்திக் கடை வைத்திருப்பவர். விரல் நகங்களில் மெழுகு. உள்ளே மேசையில் பெர்னதெத் படித்துக்கொண்டிருந்தாள். முன்னால் அதே சிவப்பு அட்டை, அதே பொன்னெழுத்து. ரவிக்குமாரைப் பார்த்ததும் அவள் பேனா நின்றது.

"வாம்மா சோனியா. பரீட்சை என்னாச்சு?"

"பாஸ் அங்கிள்."

"ஏசுவே! நல்லா இரு." உண்மையாகவே மகிழ்ந்தார். "என்ன கேட்டாங்க, சொல்லிக் குடு இவளுக்கு. காலைலேர்ந்து தண்ணி கூட குடிக்கல."

"கேட்டதைச் சொல்லக் கூடாது அங்கிள். அது சரியில்ல. ஒண்ணு மட்டும் சொல்ல வந்தேன்." சோனியா தோழியைப் பார்த்தாள். "பெர்னி, இந்த புக்கு பழசு. இதுல இருக்கிற நம்பர் எதையும் நம்பிக் கை வைக்காதே. அங்க ரிங் ஃபைல் இருக்கும். கேளு. தேதியைப் பாரு."

பெர்னதெத் மெதுவாகத் தலையசைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மதலைமுத்துவுக்குத்தான் புரியவில்லை.

"நில்லும்மா. பழசா? இன்ஸ்டிட்யூட்டுல எல்லாருக்கும் குடுத்த புக்குதானே? இவதானே சொன்னா?"

பெர்னதெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன கேட்டாங்கன்னு சொல்ல மாட்டே. மூணு வருஷமா படிச்ச புக்கை, பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலம், நம்பாதேங்கிறே." அவர் குரலில் மெழுகு இறுகுவது போல ஒன்று இறுகியது. "நீ பாஸாயிட்டே. சந்தோஷம். என் பொண்ணு குழம்பிப் போய் உக்காரணும்னு ஏன் நினைக்கிறே?"

"அப்பா!" என்றாள் பெர்னதெத்.

"நீ சும்மா இரு. இன்ஸ்டிட்யூட் குடுத்தது எப்படித் தப்பாகும்? தங்க எழுத்துல பேர் போட்டுக் குடுத்திருக்கான். நீ இதையே படி. நாளைக்கு இதுல இருக்கிறதையே சொல்லு."

சோனியாவின் காதில் பழைய நூற்று ஐம்பது ஒலித்தது. என்ன சொன்னாலும் இவர் நம்பப்போவதில்லை. மகள் அப்பாவை மீறவும் போவதில்லை. பெர்னதெத் தலையை நிமிர்த்தி, சோனியாவைத் தாண்டி ரவிக்குமாரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

ரவிக்குமார் நிலைப்படியில் கையூன்றி நின்றிருந்தான். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"இன்ஸ்டிட்யூட் குடுக்கல அங்கிள்."

"என்ன?"

"நான் குடுத்தேன். தெச்சா நல்லதுன்னு நினைச்சேன். தெக்கக் கூடாதாம். எனக்குத் தெரியாது. என் தங்கச்சி இன்னிக்கு இதே தப்போட உள்ள போயி, தப்புன்னு அவளே கண்டுபுடிச்சு, அவ வாயாலயே ஆபீசர்கிட்ட சொல்லிட்டு பாஸாயி வந்துருக்கா. அவ பொய் சொல்ல மாட்டா அங்கிள். அவ சொல்றதைக் கேளுங்க. என்னை அப்புறம் கேளுங்க."

சோனியா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருந்தார்கள். அப்போதெல்லாம் வராத ஒரு பெருமிதம் இப்போது வந்தது. அது அவளைப் பற்றியதே அல்ல.

மதலைமுத்து மேசைக்குப் போனார். பெர்னதெத்தின் கையடியிலிருந்து புத்தகத்தை இழுத்து மூடினார். மகளின் பெயர்மேல் கட்டைவிரலை வைத்து, எழுத்தெழுத்தாக, கடைசிவரை தடவினார். தங்கம் சற்றும் உதிரவில்லை.

"எல்லாருக்கும் குடுத்தாங்கன்னு சொன்னியே பெர்னதெத்து," என்றார், திரும்பாமல்.

பெர்னதெத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்து எங்கும் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து சோனியா பக்கம் நகர்த்தினாள்.

"தேதி எந்த மூலைல இருக்கும்? வரைஞ்சு காட்டு. அதைச் சொல்லலாமில்ல?"

"அதைச் சொல்லலாம்," என்று சோனியா உட்கார்ந்தாள்.

மதலைமுத்து புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரவிக்குமாரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். தெருவில் கோயில் மணி அடிக்க, மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டம் பாட்டோடு நகர்ந்தது.

"பிள்ளைங்க படிக்கட்டும்," என்றார். "நீ என்கூட கடைக்கு வா. பேசணும்."

ரவிக்குமார் ஆட்டோ பக்கம் திரும்பியும் பார்க்காமல், அவருக்கு ஓரடி பின்னால், கூட்டத்துக்குள் நடந்தான்.